விரிசல் விழுந்த கண்ணாடிக்குள் ஒரு கடற்கரை

கண்ணாடி ஆலையின் சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேச முடியுமா என்று கேட்டார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவளுக்கு இதைவிட நல்ல அழைப்பு வேறென்ன, வந்துவிட்டேன். பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. கீறல் எது, குமிழி எது, தூசி எது என்பதெல்லாம் மேசையில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்கத் தானாகக் கண்ணுக்கு வந்துவிடும். கண்ணுக்கு வராத ஒன்றைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். எதிரில் நிற்கிற நாலு பேரும் "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறபோது கையை எப்படிச் சும்மா வைத்திருப்பது என்பதைப் பற்றி.

இந்த ஆலையில் நான் மிகவும் பயந்த நாள் எது என்று கேட்டால், கார்க் கம்பெனி முன்கண்ணாடிகளைத் திருப்பி அனுப்பிய நாளைச் சொல்வேன் என்று நினைப்பீர்கள். இல்லை. ஒரு பென்சில் ஓவியத்துக்காக நடுங்கிய நாள் அது.

நீங்கள் வருகைப் பதிவு செய்துவிட்டு உள்ளே நுழைகிற வரவேற்பறையில், இப்போது அலுவலகத்தார் பரிசுக் கோப்பைகள் வைத்திருக்கிற சுவரில், அந்தப் படம் மாட்டியிருந்தது. நம் ஆலையின் முதல் தலைமை மேலாளர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியது. அவருடைய கல்யாணத்தின்போது பக்கத்து வீட்டில் குடியிருந்த ஓர் ஓவியர் பரிசாக வரைந்து கொடுத்ததாம். ஓய்வு பெற்றபோது, "கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போனார். பிறகு அவர் இறந்துபோனார். படம் அங்கேயே இருந்தது.

கடற்கரையில் சில மனிதர்கள். அவ்வளவுதான். வண்ணம் கிடையாது. யாருக்கும் முகம் கிடையாது. இடது பக்கம் இரண்டு பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பார்கள். இருவருடைய தோள்களுக்கும் சேர்த்து ஒரே கோடு. ஒருத்தியின் தோளில் தொடங்கி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி, மற்றவளின் தோளில் போய் முடியும். நடுவில் ஒருவர் வெயிலுக்காகச் செய்தித்தாளைத் தலைமேல் பிடித்தபடி நிற்பார். வலது பக்கம் சிலர் கூட்டமாக நிற்பார்கள். அவர்களில் ஒரு பெண் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் பக்கத்திலிருக்கும் ஆணின் மணிக்கட்டைப் பற்றியிருப்பாள். அவர்களுக்கு அந்தப் பக்கம் வெறும் தாள்.

வேலைக்கு வருகிற எல்லோரும் அதைத் தாண்டித்தான் போவோம். யாரும் நின்று பார்த்ததில்லை. விருந்தாளிகளில் சிலர், "முடிக்காம விட்டுட்டாரு போல" என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றும். நாள் முழுவதும் குறை தேடுகிற கண் வேறெதைப் பார்க்கும்.

முதல் மேலாளரின் மனைவி லலிதா அம்மா, பெங்களூருவில் மகளோடு போய் இருக்க முடிவு செய்தார். வீட்டைக் காலி செய்யும்போது படத்தின் நினைவு வந்திருக்கிறது. வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னார். அவர் கணவரிடம் வேலை பார்த்தவர்கள் இன்னும் பலர் ஆலையில் இருந்தார்கள். அதனால் மதியச் சாப்பாடு, சால்வை என்று நிர்வாக மேலாளர் சிறிய ஏற்பாடு செய்திருந்தார். வரவேற்பறை விளக்குகளில் ஒன்று விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அதை மாற்றச் சொல்லி ஒப்பந்த மின்பணியாளர் தணிகாசலத்தை வரச்சொன்னார்கள்.

தணிகாசலம் பக்கத்து ஊரான வல்லம் வடகால்காரர். நாற்பதைத் தாண்டியவர். நம் ஆலை கட்டப்பட்ட நாளிலிருந்து ஏதாவது ஓர் ஒப்பந்தக்காரரின் கீழ் இங்கேயேதான் வேலை. அன்று காலை ஏணியில் நின்று விளக்கைக் கழற்றும்போது, துடைத்து ஈரம் காயாத தரையில் ஏணியின் ஒரு கால் வழுக்கியது. அவர் சுவரில் மோதி எப்படியோ சமாளித்துவிட்டார். சரிந்த ஏணியின் முனை படத்தில் இடித்தது. மேல் மூலையிலிருந்து கீழ் வரைக்கும் கண்ணாடியில் ஒரே விரிசல்.

நிர்வாக மேலாளர் உடனே என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது படத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள். தணிகாசலத்தின் அடையாள அட்டையைக் காவலர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒப்பந்தக்காரரிடமிருந்து போன் வந்துவிட்டதாம், திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று. அவர் வாசல் கதவுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில், உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றிருந்தார்.

"மேடம், இது உங்க டிபார்ட்மென்ட்" என்றார் நிர்வாக மேலாளர். "கண்ணாடி ஃபேக்டரியில கண்ணாடி இல்லேன்னா சிரிப்பாங்க. அந்தம்மா லஞ்சுக்கு வர்றாங்க. அதுக்குள்ள புதுசு போட்டு மாட்டிடலாம். அவங்களுக்குத் தெரியவே வேணாம்."

அவர் கெட்டவர் இல்லை. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். விருந்தாளி வருகிற நாளில் விருந்தாளியின் பொருள் தன் பொறுப்பில் உடைந்தால் யாருக்கும் புத்தி அப்படித்தான் ஓடும். நானும் சரி என்றேன். கண்ணாடி மாற்றுவது எனக்கு ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

சட்டத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்க அட்டையை எடுத்தோம். தாளின் முதுகு தெரிந்தது. பழுப்பேறியிருந்தது. நிர்வாக மேலாளர் ஒரு மூலையை நகத்தால் நெம்பி மெதுவாகத் தூக்கினார். கொஞ்சம் வந்தது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. அட்டைப்பெட்டியிலிருந்து ஒட்டுநாடாவை உரிக்கும்போது கேட்குமே, அதுபோல, ஆனால் ரொம்பச் சின்னதாக.

"நிறுத்துங்க" என்றேன்.

"ஒண்ணுமில்ல மேடம், லேசா ஒட்டிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் இழுத்தா வந்துடும்."

"கையை எடுங்க சார்."

நம் உற்பத்தி வரிசையை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மேலாளர் உத்தரவு தேவையில்லை. ஆனால் அழுத்துவது எவ்வளவு சிரமம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மேலதிகாரியின் கையைப் பார்த்து, அதை எடுங்கள் என்று சொன்னபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் கையை எடுத்துவிட்டார்.

மெதுவாகச் சட்டத்தை மறுபடி நிமிர்த்தி, விரிசலின் மேல் குறுக்காக ஒட்டுநாடா ஒட்டினேன், துண்டுகள் நகராமல் இருக்க. பிறகு என் மேசையிலிருந்து டார்ச்சை வரவழைத்து, சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். ஓவியத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் இடைவெளியே இல்லாமல் சட்டம் போட்டிருக்கிறார்கள். எத்தனையோ மழைக்காலம் பார்த்த சுவர். விடுமுறை நாள்களில் ஏசி ஓடாது. ஈரம் இறங்கி, வலது பக்கக் கீழ் மூலையில் தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஈரத்தில் கிடந்த கண்ணாடி அப்படிப் பூப்பதைக் கிடங்கில் நீங்களும் பார்ப்பீர்கள்.

அந்த வெண்மைக்குள் சரியாக மாட்டியிருந்தவள், புடவையைத் தூக்கிப் பிடித்திருக்கும் அந்தப் பெண். அவளுடைய கொசுவம் தெரிந்தது. அதற்குக் கீழே கெண்டைக்கால் வரைக்கும் கோடு வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பாதங்கள் இல்லை.

"போச்சு" என்றார் நிர்வாக மேலாளர். "காலே போயிடுச்சே."

"முன்னால இருந்துச்சா?"

"கால் இல்லாமலா வரைவாங்க?"

அந்தச் சத்தம் வந்த மூலைக்கும் அவளுக்கும் அதிக தூரமில்லை. ஈரம் தின்றுவிட்டதா, நாங்கள் இழுத்ததில் போனதா, வெண்மைக்குப் பின்னால் இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை. ஆலையில் அத்தனை பேர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்திருக்கிறார்கள். வரவேற்பறைப் பெண் தன் கைபேசியில் தேடினாள், காவலர் தேடினார், வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். ஆயுத பூஜைப் படங்கள், பிறந்தநாள் கேக் படங்கள் எல்லாம் வந்தன. எல்லாவற்றிலும் பின்னாலிருந்த ஓவியத்தின் அந்த மூலையில் குழல் விளக்கின் வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. தினமும் தாண்டிப் போன எங்களில் ஒருவருக்கும் அவளுக்குக் கால் இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

நிர்வாக மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், கோபப்படாதீங்க. நம்ம டிசைன்ல ஒருத்தர் சூப்பரா வரைவாரு. ரெண்டு கோடுதானே. பென்சில்தானே. நல்லபடியா பிரிச்சு எடுத்துட்டு, ரெண்டு பாதம் போட்டுட்டா..."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் அது சுலபமான வழியாகத்தான் தெரிந்தது. கதவுக்கு வெளியே தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். படம் சரியாகிவிட்டால் அவருடைய வேலையும் தப்பும். ஆனால் எது போயிற்று என்று தெரியாமல் எதைச் சரிசெய்வது? இல்லாத ஒன்றை வரைந்துவிட்டால் அதற்கப்புறம் அதை யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. சோதனைக்காரி ஒருத்தி செய்யக்கூடிய மிக மோசமான வேலை அதுதான்.

"சார், நான் அந்தம்மாகிட்ட பேசறேன்" என்றேன்.

"என்னன்னு பேசுவீங்க?"

"நடந்ததை."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு லலிதா அம்மாவின் எண்ணை அவரே எடுத்துக் கொடுத்தார்.

லலிதா அம்மா புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தார். "என்ன விமலா, சாப்பாடு கீப்பாடுன்னு ஆடம்பரம் பண்ணாதீங்கன்னு சொன்னேனே" என்றார் எடுத்த எடுப்பில்.

"அம்மா, படத்தோட கண்ணாடி விரிஞ்சிடுச்சு. ஏணி சரிஞ்சு பட்டுடுச்சு."

"படம்?" என்று மட்டும் கேட்டார்.

"கிழியலம்மா. ஆனா கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு இருக்கு. நாங்க எடுத்துப் பார்த்தோம். ஒரு மூலையில சத்தம் கேட்டுச்சு. உடனே நிறுத்திட்டோம்."

"எந்த மூலை?"

"வலது பக்கம் கீழ. அந்தப் பொண்ணு நிக்கிற இடம்."

"புடவையைத் தூக்கிப் பிடிச்சிட்டு இருப்பாளே, அவளா?"

"ஆமாம்மா. அவ கால் தெரியல. அங்க கண்ணாடி வெள்ளையா பூத்திருக்கு. கால் முன்னால இருந்துச்சாம்மா?"

நான் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "இரு, யோசிக்கறேன்" என்றார். "அவ கை ஞாபகம் இருக்கு. அவன் மணிக்கட்டைப் பிடிச்ச கை. அது நாந்தான்னு அவர் கிண்டல் பண்ணுவார். எனக்குத் தண்ணின்னா பயம். கால்... கால் எனக்கு ஞாபகமே இல்ல விமலா. வீட்டுல இருந்தப்ப எத்தனையோ வருஷம் பார்த்திருக்கேன். ஞாபகம் இல்ல."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் குரல் தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது.

பிறகு அவரே தெளிந்தார். சில வருடங்களுக்கு முன் வீட்டிலிருந்த இன்னொரு படத்தைப் பூச்சி அரித்துவிட்டதாம். சென்னையில் எழும்பூர்ப் பக்கம் தாள் ஓவியங்களைச் சீர்செய்கிற ஒருவரிடம் அவர் கணவர் கொடுத்துச் சரிபண்ணியிருக்கிறார். "அவர் நம்பர் இருக்கு, அனுப்பறேன். நீங்க தொடாதீங்க. அப்படியே எடுத்துட்டு வாங்க. நான் நேரா அங்க வந்துடறேன்."

இதைக் கவனியுங்கள். மறைத்திருந்தால் அந்த எண் எங்களுக்குக் கிடைத்தே இருக்காது. எழும்பூரில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது ஆலையில் யாருக்குமே தெரியாது. நிர்வாக மேலாளர் எழுந்து, ஆலையிலேயே நிதானமாக வண்டி ஓட்டுகிறவர் யாரோ அவரைக் கூப்பிடச் சொன்னார். மதியச் சாப்பாட்டைத் தொழிலாளர் உணவகத்துக்கு அனுப்பச் சொன்னார். முடிவு எடுத்துவிட்டால் அவர் வேகமான மனிதர்.

வண்டி வருகிற வரைக்கும் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதன்முதலாக அதைப் பார்த்தேன். இல்லை, பயத்தில் பார்த்தேன். பயந்தவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

நம் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கண்ணாடியில் புள்ளி இருந்தால் அதையே முறைத்துக்கொண்டிருக்கக் கூடாது. முன்னும் பின்னும் வந்த கண்ணாடிகளை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் அது குறை. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் அது கண்ணாடியை வளைக்கிற அச்சிலேயே இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் அவளை விட்டுவிட்டு அவள் பக்கத்திலிருந்த ஆணைப் பார்த்தேன். அவன் நிற்கிற இடத்தில் வெண்மை இல்லை. கண்ணாடி தெளிவாக இருந்தது. அவனுக்கும் பாதம் இல்லை. கால்சட்டையைச் சுருட்டிவிட்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு கோடுகள் இறங்கி, சட்டென்று நின்றுவிட்டன.

அவனுக்கு அடுத்து இரண்டு குழந்தைகள் கைகோத்து நின்றார்கள். அவர்களுக்கு முழங்காலே இல்லை. தொடையோடு முடிந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவருக்குக் கணுக்கால் வரைக்கும் இருந்தது. எல்லோருடைய கால்களும் அழுத்தம் குறையாமல், தயங்காமல் வந்து, ஒரே மாதிரி வெட்டினாற்போல் முடிந்தன. அழிந்துபோன கோடு அப்படி முடியாது. அது மங்கும். இவை மங்கவில்லை. இவற்றை வரைந்தவர் அந்த இடத்தில் பென்சிலைத் தூக்கியிருக்கிறார்.

இடது பக்கம் மணலில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தேன். ஒருத்தியின் உள்ளங்கால், விரல்கள் உள்பட, அழகாக இருந்தது. செய்தித்தாள் பிடித்தவருக்குச் செருப்பே இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வலது பக்கத்தில் இருக்கிறவர்கள் தண்ணீருக்குள் நிற்கிறார்கள்.

ஓவியர் கடலை வரையவே இல்லை. அலை இல்லை, நுரை இல்லை, தொடுவானக் கோடுகூட இல்லை. ஒவ்வொருவர் காலையும் எந்த உயரத்தில் நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். பெரியவர் கரையோரம், அதனால் கணுக்கால். புடவைக்காரி இரண்டடி உள்ளே, அதனால் கெண்டைக்கால். அவன் அவளைவிடக் கொஞ்சம் முன்னால். குழந்தைகள் குட்டை, அதனால் தொடை வரைக்கும் நீர். முடிக்காமல் விட்டது என்று நாங்கள் சிரித்த வெறும் தாள் முழுவதும் கடல். அது தெரிந்ததும் அவள் ஏன் அவன் மணிக்கட்டை அப்படிப் பிடித்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. அடியில் மணல் நழுவுகிறது. அந்தப் பிடியில், அவளுடைய விரல்கள் வளைந்த விதத்தில், அலை வந்து திரும்புகிற வேகம் இருந்தது. முகமே இல்லாத ஒருத்தி பயந்துகொண்டே சிரிக்கிறாள் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்தது.

வெளியே நின்ற தணிகாசலத்தைக் கூப்பிட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, இன்னொரு கண் வேண்டியிருந்தது. "இதைப் பாருங்க. இவங்கள்லாம் எங்க நிக்கிறாங்க?"

அவர் தயங்கித் தயங்கி வந்து எட்டிப் பார்த்தார். "தண்ணியில நிக்கிறாங்கோ மேடம்."

"தண்ணி எங்க இருக்கு?"

அவர் குனிந்து தேடினார். "தண்ணி காணோம்" என்றார் குழப்பமாக. "ஆனா தண்ணியிலதான் நின்னுக்கினு கீறாங்கோ."

அவருக்கு அந்த நிலைமையில் சிரிக்க முடியவில்லை. எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பாதிதான். ஏனென்றால் நான் நம்ப விரும்பியதைத்தான் கண்டுபிடித்திருந்தேன். அந்த மாதிரிக் கண்டுபிடிப்புகளில் உஷாராக இருங்கள். அந்தச் சத்தத்துக்கு என்னிடம் விடை இல்லை. வெண்மைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதற்கும் இல்லை. அதனால் லலிதா அம்மாவுக்குப் போன் செய்து நல்ல செய்தி சொல்லவில்லை. தெரிந்தவர் திறந்து பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

படத்தைக் கிடையாகவே கொண்டுபோக வேண்டும், ஆட்டம் கூடாது என்று எழும்பூர்க்காரர் போனில் சொல்லியிருந்தார். வண்டியின் பின்னிருக்கையில் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் யாராவது பிடிக்க வேண்டும். "நான் வர்றேன் மேடம்" என்றார் தணிகாசலம். அடையாள அட்டை இல்லாதவரை எப்படி அனுப்புவது என்று காவலர் இழுத்தார். நிர்வாக மேலாளர் அட்டையை வாங்கித் தணிகாசலம் கையிலேயே கொடுத்துவிட்டு, "போய்ட்டு வாங்க. கான்ட்ராக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகத் தாம்பரம் போகிற சாலையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் கன்டெய்னர் லாரி, பக்கத்தில் கன்டெய்னர் லாரி, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வேகத்தடை. ஒவ்வொரு தடையிலும் இரண்டு பேரும் சட்டத்தை மடியிலிருந்து லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொள்வோம். மணிமங்கலம் போகிற பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே வந்து ஓட்டுநர் பிரேக் போட்டபோது, தணிகாசலம் படத்தின் மேல் கவிழ்ந்து தன் தோளை முன்னிருக்கையில் கொடுத்துக்கொண்டார். வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. வழியில் அவர் மனைவி போன் செய்தார். "இன்னும் ஒண்ணும் தெர்ல. மெட்ராசுக்குப் போயிக்கினு கீறேன். பசங்களாண்ட சொல்லாத" என்று வைத்துவிட்டார்.

எழும்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் ஓவியம் சீர்செய்கிறவருடைய அறை. வயதில் என்னைவிடச் சிறியவர், அதிகம் பேசாதவர். படத்தை வாங்கி, ஜன்னல் ஓரம் வைத்து, நிறைய நேரம் சும்மா பார்த்தார். "இழுத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. ஒரு மூலையில. சத்தம் கேட்டதும் விட்டுட்டோம்."

தலையாட்டிவிட்டு எங்களை வெளியே உட்காரச் சொன்னார். அவர் என்ன செய்தார் என்பது அவருடைய தொழில், அதை நான் விவரிக்கப் போவதில்லை. அதற்குள் லலிதா அம்மாவும் வந்துவிட்டார். நானும் அவரும் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தணிகாசலம் உட்காரவில்லை. சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். தான் யார் என்றும் அவர் சொல்லவில்லை. லலிதா அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

வெயில் சாயும்போது கதவு திறந்தது. "வாங்க" என்றார்.

படம் மேசைமேல் தனியாகக் கிடந்தது. விரிந்த கண்ணாடி வேறொரு மேசையில் இருந்தது. அவர் முதலில் எங்களுக்குக் கண்ணாடியைத்தான் காட்டினார். உட்புறத்தில் ஒரு கோடுகூட ஒட்டியிருக்கவில்லை. மூலையில் மட்டும், நகக்கண் அளவுக்குத் தாளின் தோல் உரிந்து ஒட்டியிருந்தது. "சத்தம் வந்தது இதுதான். வெறும் தாள், படம் எதுவும் இல்லாத இடம். இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா அந்தப் பொண்ணு பாதி கண்ணாடியோட வந்திருப்பா."

"கால்?" என்றேன்.

அவர் ஒரு பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். வெண்மை இல்லாமல், கண்ணாடி இல்லாமல், தாளை நேராகப் பார்த்தேன். கெண்டைக்காலில் கோடு சுத்தமாக நின்றிருந்தது. அதற்குக் கீழே பென்சில் பட்ட தடமே இல்லை. "அங்க எப்பவுமே ஒண்ணும் வரையல" என்றார். "வரைய வேண்டியதும் இல்லையே. தண்ணியிலதானே நிக்கிறா."

பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தேன். டிசைன்காரர் போட்டிருக்கக்கூடிய இரண்டு பாதங்களை நினைத்துப் பார்த்தேன். அழகாகவே போட்டிருப்பார். அந்த இரண்டு பாதங்களில் மொத்தக் கடலும் வற்றிப் போயிருக்கும்.

லலிதா அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். விரலால் தொடாமல், காற்றிலேயே, ஒவ்வொருவர் காலும் முடிகிற இடத்தை இணைத்துக்கொண்டு போனார். விரல் கரையிலிருந்து உள்ளே போய் மெல்லச் சரிந்தது. "இதுல கடல் வரைஞ்சிருக்குன்னுல்ல இத்தனை நாளும் நினைச்சிட்டிருந்தேன்" என்றார். "அலை சத்தம்கூட எனக்குக் கேக்கும்." பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அதிகம் பேசாத அந்த மனிதர்கூடச் சிரித்தார்.

நான் நிர்வாக மேலாளருக்குப் போன் செய்து, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றேன். அவர் பெரிதாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "கான்ட்ராக்டர்கிட்ட பேசிட்டேன், தணிகாசலம் திங்கட்கிழமை வரட்டும். ஒரு டீ குடிக்கறேன் மேடம்" என்று வைத்துவிட்டார்.

நாங்கள் கிளம்புகிற நேரத்தில் லலிதா அம்மா திரும்பி, "ஏணியில இருந்தது யாரு?" என்று கேட்டார்.

நான் பதில் தேடுவதற்குள் தணிகாசலம் சுவரை விட்டு முன்னால் வந்தார். "நான்தாம்மா. தரை ஈரமா இருந்துச்சு. தெரியாம ஆயிப்போச்சு."

"ஏணி சரிஞ்சுதுன்னு விமலா சொன்னா. உங்களுக்கு அடி பட்டுச்சா?"

அவர் என்னைப் பார்த்தார், லலிதா அம்மாவைப் பார்த்தார். காலையிலிருந்து கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருக்கிறோம், படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறோம், முகமில்லாத ஒரு பெண்ணின் காலுக்காக ஆலை முழுக்கத் தேடியிருக்கிறோம். இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

"தோள்ல லேசா கீதும்மா" என்றார்.

லலிதா அம்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். சட்டையை விலக்கினால், சுவரில் மோதிய தோள் நீலம் பாரித்து வீங்கியிருந்தது. அந்தத் தோளோடுதான் வழி முழுக்கப் படத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஓவியம் சீர்செய்கிறவர் உள்ளே போய்ப் பனிக்கட்டியை ஒரு துணியில் கட்டிக்கொண்டு வந்தார். லலிதா அம்மா வாங்கி, தானே ஒற்றினார். தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பேசச் சொன்னோம்.

"ஒண்ணும் ஆவல" என்றார் மனைவியிடம். "படமும் நல்லா கீது. நானும் நல்லா கீறேன். வூட்டுக்கு வந்துக்கினே கீறேன், சோறு வெச்சிரு."